ஆத்தாளுக்கு முதுகு காட்டி ஊதிய குழல்

1. குரல் இறங்கிய நாள்

கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் முடிந்து, எங்கள் பாட்டுச் செட்டில் பாடுகிற லூர்தம்மா முதல் தடவையாக ஒத்திகைக்கு வந்தபோது, ரெண்டாவது வரியிலேயே பாட்டு நின்றுவிட்டது. பாதிக் கிணற்றில் வாளி சிக்கிக்கொண்ட மாதிரி, குரல் அதற்கு மேல் ஏறவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, இது என் தொண்டை இல்ல. வேற யாரோடதையோ வச்சுத் தச்சுப்புட்டாக" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். செட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

நான் யார் என்று தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி அதிகம் பேர் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன், தானாக ஊதிப் பழகி, சொந்தமாகக் கிராமியப் பாட்டுச் செட்டு கட்டினேன். கூடலூரிலிருந்து பெரியகுளம் வரை நான் ஊதாத கோயில் பொட்டல் கிடையாது. வாத்தியார் என்று எனக்கு ஒருத்தரும் இல்லை. இருந்திருந்தால் பாதிப் பெருமை அவருக்குப் போயிருக்கும்.

நான் ஊதுவது பக்கவாட்டில் பிடிக்கிற புல்லாங்குழல் அல்ல. வாயில் நேராக வைத்து ஊதுவது. உள்ளே ஒரு தக்கை, அதற்குக் கீழே காற்று வெட்டுப்பட்டுச் சத்தமாக மாற ஒரு வாசல். திருவிழாக் கடையில் பிள்ளைகள் வாங்கி ஊதுகிற விசிலுக்கு இது பெரியப்பன். எங்கள் செட்டில் இதற்கு ஊதல் என்று பேர்.

லூர்தம்மா மாதா கோயில் சப்பரத்துக்குப் பாடிப் பழகியவள். முளைப்பாரிக்குப் பாட நின்றாலும் அதே குரல், அதே பக்தி. அஞ்சு கட்டை சுருதியில் சர்வ சாதாரணமாக நிற்பாள். ஆபரேஷனுக்குப் பிறகு அது ரெண்டு கட்டைக்கு இறங்கிவிட்டது. என் ஊதல்களோ எல்லாம் அஞ்சு கட்டைக்கு அறுத்தவை. ஊதலில் சுருதியை முறுக்கி இறக்க ஆணி கிடையாது. கட்டை இறங்க வேண்டுமென்றால் நீளமான வேறு ஊதல்தான் வேண்டும்.

கீபோர்டு வாசிக்கிற செல்வம் என் தங்கச்சி மகன். "மாமா, டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டுனா நான் ரெண்டு கட்டைக்கு வந்துருவேன். நீங்கதான் அஞ்சுலயே நிப்பீக. ஊதல் சத்தத்தையும் நானே போட்டுறவா?" என்றான்.

"போடு. நான் மேடை ஓரமா உக்காந்து வெத்தலை மெல்லுறேன்."

கிண்டலுக்குச் சொன்னதை அவன் செய்தே பார்த்தான். லூர்தம்மா பாடத் தொடங்கி மறுபடி நிறுத்தினாள். "கட்டை சரியாத்தான் இருக்கு தம்பி. எங்கன மூச்சு விடணும்னுதான் தெரியல."

எனக்குப் புரிந்தது. இத்தனை வருடமாக நான் மூச்சு வாங்குகிற இடத்தில்தான் அவளும் வாங்குவாள். கீபோர்டுக்கு மூச்சு ஏது?

அந்த நேரம் பார்த்து காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஃபோன். ஆடி முளைப்பாரித் திருவிழாவுக்கு எங்கள் செட்டைத்தான் பேசியிருந்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர் பேசினார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், அது ஒரு கெட்ட பழக்கம்.

"வித்துவான், அந்தம்மாவுக்கு உடம்புக்கு முடியலைன்னு சொன்னாக. திண்டுக்கல்லுல ஒரு பொண்ணு நல்லாப் பாடுதாம். அதக் கூட்டியாந்துருங்களேன்."

லூர்தம்மா தலையைக் குனிந்துகொண்டு மைக் வயரைச் சுருட்டினாள். ஒரு திருவிழாவுக்கு ஆள் மாறினால் அடுத்ததுக்கும் மாறியதுதான். எங்கள் தொழிலில் அது எல்லாருக்கும் தெரியும்.

"லூர்தம்மாதான் பாடும் தலைவரே" என்று சொல்லி ஃபோனை வைத்தேன். வைத்த பிறகுதான், என்னிடம் ரெண்டு கட்டை ஊதலே கிடையாது என்பது உறைத்தது.

2. ரெண்டு ஊதல்

செல்வம் ஆன்லைனில் ஒரு அலுமினிய ஊதல் வரவழைத்தான். வெல்வெட் பெட்டியில் வந்தது. நான் குமுளிக்குப் பஸ் ஏறி, ஈத்தை மூங்கிலில் குழல் செய்கிற ஒரு மலையாளத்தாரிடம் இன்னொன்று வாங்கினேன். கொடுக்கும்போது அவர், "இதுக்குக் காத்து ரொம்ப வேணும் சேட்டா. பதுக்கெ, மெல்ல ஊதணும்" என்றார். எனக்கே ஊதச் சொல்லிக்கொடுக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். கட்டை இறங்க இறங்க ஊதல் நீளும். ரெண்டு கட்டை ஊதல் முழங்கையில் வைத்தால் விரல் நுனியைத் தாண்டி நிற்கும். துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். விரல் நுனியால் மூடப் பார்த்தால் காற்று கசியும். விரலின் நடுப்பகுதியைத் தட்டையாகப் போட்டு மூட வேண்டும். வேகமாக ஊதினால் சத்தம் மேலே தாவிவிடும். சூடான காப்பியை ஆற்றுகிற மாதிரி ஊத வேண்டும்.

அலுமினியத்தை ஊதினேன். தேன். ஒரு மூச்சுக்கு ஒரு முழு வரி நின்றது. மேடை வெளிச்சத்தில் மின்னும் என்று வேறு மனசுக்குள் ஓடியது. மூங்கிலோ லேசாக வளைந்திருந்தது. அடியில் ஒரு கீறல், அதில் மெழுகு நூல் சுற்றியிருந்தது. அரை வரிக்குள் என் மார்பில் இருந்த காற்றை எல்லாம் குடித்துவிட்டு இன்னும் கொடு என்றது. என் மனசு பெட்டிப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

லூர்தம்மாவை வைத்து ரெண்டையும் ஊதிப் பார்த்தோம். அலுமினியத்துக்கு அவள் முழு வரியாகப் பாடினாள். மூணாவது வரி முடிகிறபோது முகம் சிவந்து, கை தானாகக் கழுத்துத் தழும்புக்குப் போய்விட்டது. பாட்டு நின்றது.

மூங்கிலை எடுத்தேன். அரை வரி ஊதினேன், காற்று தீர்ந்தது, மூச்சு வாங்கினேன். அவளும் வாங்கினாள். மறுபடி அரை வரி. மறுபடி மூச்சு. குரல் தாழ்வாக, கொஞ்சம் சொரசொரப்பாக வந்தது, ஆனால் அறுந்து போகவில்லை. நான் ஊதலை இறக்கிய பிறகும் அவள் அடுத்த வரிக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பாட்டு முடிஞ்சு போச்சு" என்றான் செல்வம்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அலுமினியத்தை வெல்வெட்டிலேயே படுக்கவைத்தேன். இன்றுவரை அது அங்கேதான் தூங்குகிறது.

3. பொட்டலில்

என்னைப்போல ஊதலைத் தேர்ந்தெடுக்க இந்தப் பக்கம் ஆள் கிடையாது. ஆனாலும் ஒன்றை விட்டுவிட்டேன். ரெண்டையும் அறைக்குள் வைத்து ஊதிப் பார்த்தேனே ஒழிய, வெளியே கொண்டுபோய் ஊதவில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று ஊரெல்லாம் சொல்கிறதே, ஊதல் வாசலில் புகாதா?

காமயகவுண்டன்பட்டியில் மேடையைக் கோயிலைப் பார்த்துத்தான் போடுவார்கள். பாட்டு முதலில் ஆத்தாளுக்கு, அப்புறம்தான் ஜனத்துக்கு. கோயில் மேற்கே, மேடை கிழக்கே, நடுவில் ஜனம். காற்று மலையிலிருந்து இறங்கி, கோயிலைத் தாண்டி, நேராக என் மூஞ்சிக்கு வந்தது. பொழுது சாய்கிற நேரம். முன்வரிசையில் பெண்கள் முளைப்பாரிச் சட்டிகளை வைத்துக்கொண்டு கும்மிக்குத் தயாராக இருந்தார்கள்.

ஊதினேன். புஸ் என்றது. திரும்ப ஊதினேன். அதே புஸ்.

"ஏலே, ட்யூப்பு பஞ்சர் போல" என்று கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான். சிரிப்பு எழுந்தது. லூர்தம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் சுருதி கொடுக்காமல் அவள் வாய் திறக்கப்போவதில்லை. தலைவர் மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மனசில் திண்டுக்கல் ஓடுவது எனக்குத் தெரிந்தது.

சட்டென்று திரும்பி நின்றேன். என் முதுகு காற்றை மறைத்தது. ஊதல் பேசியது.

தலைவர் மேடையேறிவிட்டார். "என்ன வித்துவான் பண்றீக? ஆத்தாளுக்கு முதுகு காட்டி ஊதுறதா? இந்த மேடையில எவனும் செஞ்சதில்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கோயில் வாசலை விட்டு நானே முதுகு காட்டாமல் பின்பக்கமாக நடந்துதான் வெளியே வருவேன்.

லூர்தம்மாதான் மைக்கைப் பொத்திக்கொண்டு பேசினாள். "ஐயா, நான் ஆத்தா மொகத்தப் பாத்துப் பாடுறேன். அண்ணே என் மொகத்தப் பாத்து ஊதட்டும். எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு மொகம் ஆத்தா பக்கம் இருக்குல்ல?"

தலைவர் கோயிலைத் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை சத்தம் கொடுத்தாள்: "விடுங்க தலைவரே. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள முளைப்பாரி கதிரு வச்சிரும்."

தலைவர் இறங்கிப் போனார்.

நான் லூர்தம்மாவின் முகத்தைப் பார்த்து ஊதினேன். அரை வரி, ஒரு மூச்சு. அரை வரி, ஒரு மூச்சு. கும்மி தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் ஏதோ புதுசாகக் கேட்டது. முன்பெல்லாம் லூர்தம்மா அஞ்சு கட்டையில் பாடும்போது பெண்கள் கை மட்டும்தான் தட்டுவார்கள், அந்த உயரத்துக்கு அவர்கள் தொண்டை எட்டாது. இப்போது வட்டம் முழுக்கப் பாடியது. ரெண்டு கட்டை அவர்கள் வீட்டில் மாவாட்டும்போது முனகுகிற கட்டை. லூர்தம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்தேன். குரல் கலங்கவில்லை.

முடிந்து சாமான்களைக் கட்டும்போது தலைவர் வந்தார். "மேடையத் திருப்பிப் போட முடியாது வித்துவான். அடுத்த ஆடிக்கு நீங்க நிக்கிற எடத்துக்கு மேக்க காத்து மறைக்க ஒரு தென்னந்தட்டி கட்டித் தர்றோம். அந்தம்மாகிட்டயும் சொல்லிருங்க" என்றார். அந்தம்மா பக்கத்தில்தான் நின்றாள்.

ஊதல் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உன் வாய்க்கு இனிப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே. பாடுகிற ஆளைப் பக்கத்தில் நிறுத்தி ஊது. அவர்கள் மூச்சுக்கு எது நிற்கிறதோ அதுதான் உன் ஊதல். அப்புறம் வெளியே கொண்டுபோய்க் காற்றிலும் ஊதிப் பார்.

அன்றைய பாட்டை யாரோ ஃபோனில் எடுத்து அனுப்ப, அது பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றியது. லூர்தம்மா நன்றாகத் தெரிகிறாள். கும்மிப் பெண்கள் தெரிகிறார்கள். செல்வம்கூடத் தெரிகிறான். என் மூஞ்சி ஓரிடத்திலும் கிடையாது. ஓரமாக, காற்றில் புடைத்த ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் அசையாமல் நிற்கிறது. பார்க்கிறவர்களிடம் நான் சொல்லிவிடுவேன், அந்த முதுகு என்னுடையது.