அம்மனுக்கு விட்ட மீன்

உங்கள் பெரியப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அவர் என் ஒரே அண்ணன். தி. நகரில் ஒரு துணிக்கடை கோடவுனில் மூட்டை பிரிக்கிற வேலை. துணி இருக்கிற இடத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. அதனால் அங்கே எல்லோரும் கன்னத்தில் புகையிலை அடக்கிக்கொள்வார்கள். இவரும் பழகிக்கொண்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. அப்போது நாங்கள் பட்டினப்பாக்கத்தில் இருந்தோம். தெருமுனையிலேயே மீன் விற்பார்கள். மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. புண் ஆறும்வரை அதைத் தொடமாட்டேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார். முட்டையும் நின்றது. ரசம் சோறுதான். பிடித்ததை விட்டால்தானே வேண்டுதல்? எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. புகையிலையை விடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அதை வைத்தால் வலி மரத்துப்போகிறது என்றார்.

வாயில் ரத்தம் வந்த பிறகுதான் அடையாற்றில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். என்ன வேலை, என்ன சாப்பாடு, என்ன பழக்கம் என்று கேட்டார்.

"மீன வுட்டுட்டேம்மா, வேண்டுதலு," என்றார் அண்ணன்.

"புகையிலை?"

"அது இன்னும் கீதும்மா."

டாக்டரம்மா திட்டவில்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இது புற்றுநோய். செலினியம்னு ஒரு சத்து இருக்கு. துளிதான் வேணும். மண்ணுலேர்ந்து தானியத்துக்கு வரும், கடல்லேர்ந்து மீனுக்கு வரும். அது குறைஞ்சா இந்த நோய் அதிகமா வருதான்னு ஆராய்ச்சி பண்றாங்க. நிச்சயமாத் தெரியாது. புகையிலை கெடுதல்ங்கறது நிச்சயம். அத நிறுத்துங்க. உடம்புல தெம்பு வேணும், மீன் குடுங்க."

பஸ்ஸில் அண்ணன் என்னைப் பார்த்தார். "குட்த்தத அம்மன்கிட்ட திருப்பிக் கேக்க சொல்றியா நைனா? நல்லா கீதே நாயம்!"

வீட்டுக்கு வந்ததும் டாக்டரம்மா சொன்னதை அண்ணியிடம் சொன்னேன்.

அண்ணிதான் கோயிலுக்குப் போய்ப் பூசாரியைக் கேட்டார். வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம், ஒன்றை எடுத்தால் அதைவிடப் பெரியதாக ஒன்றை வைக்க வேண்டும் என்றாராம். அண்ணன் புகையிலை டப்பாவை அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். ஆனால் தொடவில்லை. அண்ணி சங்கரா மீனை வேகவைத்து, முள் எடுத்து, சோற்றோடு குழைத்து ஊட்டினார். மெல்ல முடியாது. விழுங்கினார்.

ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. கட்டி ஏற்கெனவே கழுத்துக்கு இறங்கியிருந்தது. ஆடி மாதம் போய்விட்டார். முதலிலேயே மீனை விடாமல் புகையிலையை விட்டிருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது.

காரியத்தன்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்தோம். அண்ணியின் தாய்மாமன் ஒரு புகையிலைப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். "அவனுக்கு உசுரே இதாம்மா."

அண்ணி அதை எடுத்து மாமன் கையிலேயே கொடுத்தார். "அத்த அவரு அம்மனுக்கு குட்த்துட்டாரு மாமா."

"மீனையுந்தான் குட்த்தான். அத்த திருப்பித் துன்னதாலதான் போய்ட்டான்."

அண்ணி சட்டியைச் சாய்த்து இலையில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. சூடம் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன்.