ரிப்பேருக்குக் கொடுத்த பைப்

அந்தோணிசாமி அண்ணன் இறந்துவிட்ட செய்தி, எங்கள் பழைய பம்ப் கம்பெனிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாருடைய பேரனுக்கோ வந்த பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே வந்தது. கும்பிட்ட கைகளும் கேக்குகளும் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வீடு இருக்கும் துடியலூருக்குப் பஸ் ஏறினேன்.

உங்களில் பலருக்கு அவரைப் பேட்டர்ன் மேக்கராகத்தான் தெரியும். உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு முன், மண்ணில் அச்சுப் பதிக்கத் தேவையான மர உருவைச் செய்கிறவர். ரிட்டயர் ஆனபின் ஈட்டி மரத்தில் புகையிலை பைப் செய்ய ஆரம்பித்தார். ஊட்டிக் கடைகளுக்கும் எஸ்டேட்காரர்களுக்கும் போயிற்று. அவர் ஒரு நாளும் புகைத்ததில்லை. காபிகூடக் குடிக்காத மனிதர்.

முதல் பைப் அளவு பிசகிப் போனது. வார்த்த இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் பேட்டர்ன்காரர்களின் ஸ்கேலில் எல்லா அளவும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பழக்க தோஷத்தில் அதே ஸ்கேலை வைத்து மரத்தை இழைத்துவிட்டார். கறுப்பு வாய்க்குழலைப் பொருத்தினால் மரம் சுற்றிலும் துருத்திக்கொண்டு நின்றது. "மரம் எங்கீங்க சார் சுருங்கப் போவுது? கை தானா பெருசா செஞ்சுபோட்டுது" என்று சிரித்தார்.

அதன்பின் தவறவில்லை. முதலில் துளை, பிறகுதான் உருவம் என்பது அவர் முறை. "பொகை போற வழி கிண்ணத்தோட அடியில போய்ச் சேரோணும். அது தப்பிப்போச்சுன்னா எத்தன பாலீஷ் போட்டாலும் வெறகுதானுங்க" என்பார்.

நான் அப்போது ஓயாமல் பைப் புகைக்கிறவன். டாக்டர் என் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு விடச் சொல்லியிருந்தார். நான் விடவில்லை. எனக்கொன்று செய்து தரச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன். "உங்களுக்குச் செய்யறதில்லீங்க சார்" என்றார். காரணம் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் செய்கிற மனிதருக்கு நான் என்ன ஆகாதவனா? எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

பிறகு என் பழைய பைப் விரிசல் விட்டது. ரோஷத்தை ஓரம் வைத்துவிட்டு அவரிடமே கொண்டுபோனேன். என் இருமல் முடியும்வரை காத்திருந்து, வாங்கி வைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் பசை காயவில்லை. அதற்கடுத்து வாய்க்குழல் வரவில்லை. பிறகு தவக்காலத்தில் இந்த வேலையைத் தொடுவதில்லை என்றார். ஈஸ்டர் முடிந்ததும் மழை, மரத்தில் ஈரம். கம்பெனியில் ஒரு பேட்டர்னைக்கூடத் தாமதமாகக் கொடுக்காதவர் இவர். தையல்காரனே தேவலாம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "அதுஞ் செரிதானுங்க" என்றார்.

வேறொன்று வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வருஷக்கணக்கில் பழகிய பைப்பை விட்டு இன்னொன்று வாயில் ஒட்டாது. கிராம்பை மென்றுகொண்டு, இன்றைக்காவது தருவார் என்று போய்ப் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் வீடு திரும்பிய பிறகுதான், பைப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அடக்கம் முடிந்து வந்ததும் அவர் மனைவி பிலோமினா அக்கா பீரோவைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தார். விரிசலின் மேல் பித்தளை வளையம் போட்டு, பளபளவென்று இருந்தது.

"நீங்க குடுத்த வாரமே ஆயிப்போச்சுங்க தம்பி. நீங்க வந்தா ஆகலைன்னு சொல்லோணும்னு எனக்கும் கண்டிசன். சர்ச்சுச் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல, செஞ்ச பாவங்களோட இதையுஞ் சேத்துச் சொல்லிப்போட்டு வருவாரு. மறுக்கா நீங்க வந்தா மறுக்கா அதே பொய்தான்."

பைப்பை அக்கா கையிலேயே திரும்பக் கொடுத்தேன். "இன்னும் ஆகலைன்னே இருக்கட்டுங்கக்கா" என்றேன்.

உங்களில் சிலர் வீட்டில் அவர் செய்த பைப் இருக்கும். என்னிடம் இருப்பது அவர் எனக்காகச் சொன்ன பொய்கள். பஸ் ஸ்டாப் வரை வேகமாகவே நடந்தேன். இருமல் வரவில்லை. அழுகைதான் வந்தது.