கறிபாப் கொடுத்தவர்

போன வருடம், மலேசியாவில் கிள்ளானில் நான் படித்த சின்ன ஆங்கிலத் தொடக்கப்பள்ளிக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு வரலாற்று மலர் போட்டோம். நான் எழுதுகிறேன் என்று முதல் ஆளாகக் கை தூக்கி, இரண்டே வாரத்தில் முடித்தும்விட்டேன். பள்ளியை விட்டுப் போகும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கடைசி நாளில், உள்ளே உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப் ஒன்றைச் சூடாகக் கொடுக்கும் வழக்கத்தை ஒரு பழைய தலைமையாசிரியர் தொடங்கிவைத்ததாக எழுதினேன். யாரோ வாட்ஸ்அப்பில் சொன்னது. படிக்க நன்றாக இருந்தது. கேன்டீன் ஆன்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் அந்தக் கறிபாப்பைக் கையில் வைத்தவர் அவர்தான்.

வெளியீட்டு விழாவில் ஆன்டி அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே என்னிடம் வந்தார்.

"தம்பி, இது நான் ஆரம்பிச்சதுலா. அவருக்கும் ஒண்ணு கொடுத்தேன், சாப்பிட்டாரு, அவ்ளோதான்."

"தெரியும் ஆன்டி. நான் சரியாத்தான் எழுதினேன். பிரிண்டிங்ல மாத்திட்டாங்க," என்றேன்.

நம்பிவிட்டார். பக்கத்திலிருந்த அக்காவிடம் திரும்பி, "பையன் பாவம், ராப்பகலா எழுதிருக்கான். பிரிண்டிங்காரன் கெடுத்துட்டான் பாருங்க," என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

மலரைத் திருத்திப் போட்டுவிடலாம். அவரிடம் போய் உண்மையைச் சொல்லத்தான் இன்னும் எனக்கு முகமில்லை.