தோட்டத்தைச் சுத்தம் செய்த குற்றம்

போன ஞாயிறு, ராசிபுரம் பக்கம் சரசக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகள். சூரமங்கலத்தில் பஸ் ஏறும்போது நல்ல மனநிலையில்தான் இருந்தேன். திரும்பும்போது? சில்லறை கேட்ட கண்டக்டரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்!

விஷயம் இதுதான். இந்த முறை கொட்டிய மழையில் அக்காவின் மரவள்ளித் தோட்டம் தண்ணீரில் நின்றது. மரவள்ளிக்குத் தண்ணீர் தேங்கினால் போச்சு. மேலே இலை பச்சையாக இருக்கும். மண்ணுக்குள் கிழங்கு அழுகிக்கொண்டிருக்கும். மாமா இறந்த பிறகு அக்கா ஒருத்தியாகப் பாடுபடுகிற பூமி அது. கூட்டுறவுச் சங்கக் கடன், மகளின் காலேஜ் ஃபீஸ்... எல்லாம் அந்த வெள்ளாமையை நம்பித்தான்.

அக்கா என்ன செய்தாள்? ஆள் பிடித்து, அத்தனையையும் பிடுங்கினாள். ஜவ்வரிசி மில்காரர் அந்தக் கிழங்கைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். நாற்றம் தாங்காமல் குழி தோண்டிப் புதைத்தாள். ஆனால் நல்ல குச்சிகளை மட்டும் வெட்டி, கட்டுக் கட்டி, வேப்பமர நிழலில் நிமிர்த்தி வைத்தாள். அடுத்த நடவுக்கு அதுதானே விதை? குடியே முழுகினாலும் எங்கள் ஆட்கள் விதைக்குச்சியை விட மாட்டார்கள்.

சேதம் பார்க்க அதிகாரி வந்தார் — மழை விட்டு, வெயில் காய்ந்து, புழுதி பறக்க ஆரம்பித்த பிறகு!

வரப்பில் நின்றபடியே மரத்தடியைப் பார்த்தாராம்.

“ஏம்மா, குச்சியெல்லாம் கட்டி வெச்சிருக்கீங்க. அறுவடை முடிஞ்சிருச்சு. இதுல என்ன சேதம்?”

“அழுகிப்போச்சுன்னு புடுங்குனதுங்க. வேணும்னா குழியத் தோண்டிக் காட்டட்டுங்களா?”

“குழியெல்லாம் கணக்குல வராதும்மா. நிக்கிற பயிர் சேதமாகியிருக்கணும்.”

அவ்வளவுதான். ஜீப் போய்விட்டது.

பக்கத்துத் தோட்டத்துப் பழனியண்ணன் எதையும் தொடாமல் அப்படியே விட்டிருந்தார். போட்டோ எடுத்தார்கள், நிவாரணப் பணம் அவர் அக்கவுண்ட்டில் ஏறிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் நஷ்டம்தான். ஆனால், வீட்டில் பிடித்த தீயை நாமே அணைத்துவிட்டால், தீயே பிடிக்கவில்லை என்று எழுதுவார்களா? இவர்கள் எழுதுவார்கள்!

“வாக்கா, மனு போடலாம்” என்று குதித்தேன்.

“போட்டாச்சு சாமி. ஆபீஸ்ல, ‘குச்சி இருக்குதில்ல, பொறகென்ன’ங்கறாங்க.”

அந்த நேரம் பார்த்துப் பழனியண்ணன் வந்தார், தலையைச் சொறிந்துகொண்டு.

“ஏம்மா சரசு, எங் காட்டுக் குச்சி பூராவும் தண்ணியிலயே நின்னு அழுகிப்போச்சு. நடவுக்கு ஒண்ணுகூட இல்ல. கொஞ்சம் குடுத்தீன்னா... காசு வாங்கிக்க.”

நல்ல விலையாகச் சொல் என்று அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

“குச்சிக்குப் போயி காசுங்களாண்ணா? நாளைக்கு எனக்கில்லீன்னா நீங்க குடுக்க மாட்டீங்களா? வண்டியக் கொண்டாந்து பாதிய ஏத்திக்கிட்டுப் போங்க.”

ஆக, அந்த ஊரில் வெள்ள நிவாரணம் முறையாக வழங்கப்பட்டுவிட்டது.

வழங்கியவர்: சரசக்கா.