ஜன்னலைச் சாத்த ஓர் ஏசி

"எத்தினி டன்னு வோணும் பெர்சு?" என்று கடைக்காரர் கேட்டபோது என் மாமனார் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சுவர் நிறைய வெள்ளை வெள்ளையாய்ப் பெட்டிகள் மாட்டியிருந்தன. "டன்னு கின்னுலாம் எனுக்குத் தெர்யாதுபா. ஜன்னல இறுக்கி சாத்தினா உள்ள படுக்கிற ஆளு வேகக் கூடாது. அந்த மாரி ஒண்ணு குடு," என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நைட் டூட்டி முடித்து நேராக அங்கே வந்திருந்த எனக்கு நின்றபடியே கண் சொருகிக்கொண்டிருந்தது. எல்லோரும் குளிருக்காக ஏசி வாங்குவார்கள். எங்கள் வீட்டுக்கு ஏசி வந்தது ஜன்னலைச் சாத்துவதற்காக.

நான் விம்கோ நகரில் பிறந்து ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. காலையில் வீடு வந்து, குளித்து, இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு படுத்தால், அப்போதுதான் எங்கள் தெரு சோம்பல் முறித்து எழும். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் நேராகத் தெரு. தண்ணீர் லாரி, குடச்சண்டை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன், மாதா கோயில் மைக். இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் மீன்காரம்மா. வஞ்சிரம் என்ற ஒரு சொல்லைத் தெரு முனையில் ஆரம்பித்து எங்கள் வாசலில் முடிப்பார். ஜன்னலைச் சாத்த வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் கடலோரத்துப் புழுக்கத்தில் குடியிருந்து பார்க்காதவர்கள். எங்கள் வீட்டு ஜாடியில் உப்பு பாறையாய் இறுகிக் கிடக்கும். துவைத்த யூனிஃபார்ம் நாள் முழுக்கக் கொடியில் கிடந்தாலும் ஈர வாடை போகாது. ஜன்னலைச் சாத்திவிட்டால் அந்த ஈரத்தைத்தான் மின்விசிறி சுற்றிச் சுற்றி முகத்தில் அப்பும். திறந்தால் சத்தம், சாத்தினால் வேக்காடு. அரைத் தூக்கமும் இல்லாமல் மறுபடி டூட்டிக்குக் கிளம்புவேன்.

அப்படியே கொஞ்ச காலம் ஓடியது. ஒரு நாள் வேலையில் ஊசி மருந்தை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இது எந்தப் படுக்கைக்கு என்று தெரியாமல் நின்றேன். கூட வேலை செய்தவள் பார்த்து வாங்கிக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றே வீட்டுக்கு வந்து, வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றேன். உன் இஷ்டம் என்றார் என் கணவர். அத்தை, "ஆண்டவரே, இப்பனாச்சும் புத்தி வந்துச்சே," என்று சிலுவை போட்டுக்கொண்டார். படித்து, அலைந்து, ஆசைப்பட்டு வாங்கிய வேலை அது. தூக்கத்துக்காக அதை விடுவதா என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.

மாமா மட்டும் எழுந்து வந்து என் எதிரில் குந்தினார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பாதி வாழ்க்கை நைட் ஷிஃப்டிலேயே போனது. "ராத்திரில தூங்கறவனுக்கு ஊரே அடங்கும் கண்ணு. பகல்ல தூங்கறவனுக்கு எவன் அடங்குறான்?" என்றார். பிறகு அத்தையைத் திரும்பிப் பார்த்து, "நான் நைட் பாத்த காலத்துல வூட்டுல தூங்கினனா? ஷெட்டு பின்னால கோணி விரிச்சித் தூங்கிட்டு வருவேன். நீ எங்கயோ சீட்டாடிட்டு வரேன்னு சண்ட போடுவ. இது பொம்பளப் புள்ள, எங்க போயி கோணி விரிக்கும்?" என்றார். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் எனக்காக நின்றிருந்த மாமா என்னைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

ஏசி மாட்ட வந்தவர் எம்.கே.பி. நகர்க்காரர், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். வெளிப்பெட்டியைத் தெருப்பக்கச் சுவரில் மாட்டலாம், வேலை சுளுவு என்றார். மாமா ஒப்பவில்லை. அந்தப் பெட்டியே கடகடவென்று ஆடினால் அப்புறம் எதற்கு இந்தக் கூத்து என்று, பின்பக்கம் குளியலறை மேலே வைக்கச் சொன்னார். "அங்க உப்புக் காத்து நேரா அடிக்கும் பெர்சு, தகடெல்லாம் அரிச்சிடும். அடிக்கடி கழுவணும்." "கழுவலாம்," என்றார் மாமா. சுவரில் குழாய்க்கு ஓட்டை போட்டபோது வீடே அதிர்ந்தது. தூங்குவதற்காக நடக்கும் வேலையில் அன்றைக்கும் நான் தூங்கவில்லை.

எல்லாம் முடிந்து ஏசி ஓடத் தொடங்கியதும் மாட்டியவர் ரிமோட்டை நீட்டி, "கைய காட்டிப் பாரு பெர்சு, சில்லுனு கீதா?" என்றார். மாமா கையைக் காட்டவில்லை. ஜன்னலைச் சாத்தினார், கதவைச் சாத்தினார், என் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தார். அதற்கு முன்னால் அத்தையைத் தெருவில் நிறுத்தி, மீன்காரம்மா மாதிரி கத்தச் சொல்லியிருந்தார். அத்தைக்கு வெட்கம். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு மெல்ல "வஞ்சிரம்" என்றார். உள்ளிருந்து, "சத்தமா!" என்று குரல் வந்தது. கோபத்தில் அத்தை போட்ட இரண்டாவது "வஞ்சிரம்" மீன்காரம்மாவையே தோற்கடித்திருக்கும். எதிர்வீட்டிலிருந்து ஒருவர் பாத்திரத்தோடு வந்துவிட்டார். மாமா வெளியே வந்து, "வஞ்சிரம்னு தெளிவா கேக்குது," என்றார் வருத்தமாக. ஏசி மாட்டியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நானும் எத்தினியோ வூட்ல மாட்டிகீறேன். எல்லாரும் கூலிங் செக் பண்ணுவாங்க. நீ இன்னா பெர்சு, மீன் செக் பண்ற?"

மாமா அசரவில்லை. பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றுக் கீற்றாய் வெட்டி ஜன்னல் சட்டம் முழுக்க ஒட்டினார். குழாய் ஓட்டையைச் சுற்றி சிமென்ட் பூசினார். அத்தை மறுபடி கத்தினார். இந்த முறை வெளியே வந்த மாமா, "இப்ப எதோ காக்கா கத்துற மாரி கீது. போதும்," என்றார். அத்தை அவரை அன்று முழுக்க முறைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் படுத்தவள் கண் விழித்தபோது ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. உடம்பில் வேர்வை இல்லை. சாயந்திரம் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தத் தூக்கத்தின் ருசியை எப்படிச் சொல்வது? பசித்தவளுக்குச் சோறு மாதிரி. கதவைத் திறந்தால் மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலை மறித்தபடி உட்கார்ந்திருந்தார். "கேட்டுச்சா?" என்றார். இல்லை என்றேன். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது அவருக்கு. ராஜினாமாப் பேச்சை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "ராத்திரி பூரா வெளிய, பகல் பூரா ஏசி. குடுத்து வெச்ச மருமவ," என்றார் மேல்வீட்டு அக்கா. மாமா தலையைத் தூக்கி, "குடுத்து வெச்சது நீதாம்மா. ஒன் வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தப்போ எவளோ ஒருத்தி ராத்திரிலாம் முயிச்சிக்கினு பாத்துக்கினா. அதனாலதான் இன்னிக்கி மனுசன் குந்திக்கினு பேப்பர் படிக்கிறாரு," என்றார். அதற்குப் பிறகு அந்த அக்கா மாடிப்படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவார்.

கரண்ட் போனால் ஏசி நிற்கும், ஜன்னலைத் திறந்தாக வேண்டும். அப்போதெல்லாம் மாமா நாற்காலியைத் தெருவுக்கே இழுத்துப் போட்டுக்கொள்வார். "நைட் டூட்டி, நைட் டூட்டி" என்று வருவோர் போவோரிடமெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவார். கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனாலும் பழகிவிட்டார்கள். ஆட்டோக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஹாரன் அடிக்க மாட்டார்கள். மீன்காரம்மா எங்கள் வாசலை மட்டும் வஞ்சிரத்தை வாய்க்குள்ளேயே சொல்லிக் கடப்பார். ராயபுரத்தில் மீன்காரம்மா ஒருவர் கிசுகிசுத்ததைக் கேட்ட பெருமை எங்கள் தெருவுக்கு உண்டு.

இப்போது நான் வார்டு பொறுப்பில் இருக்கிறேன். என் கையால் பிழைத்து வீடு போனவர்களை நினைக்கும்போது, அதில் பாதிப் புண்ணியம் மாமா கணக்குதான் என்று நினைத்துக்கொள்வேன். ஏசியை ஒரு முறை மாற்றியும் ஆகிவிட்டது. அதன் கீழ் மாமா ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. சத்தம் இல்லாவிட்டால் தனக்குத் தூக்கம் வராது என்பார்.

போன கோடையில் அவர் போய்விட்டார். நெஞ்சு வலி என்றார், நான் டூட்டியில் இருந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள், என் கையைப் பிடித்தபடி போனார். மறுநாள் வீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஹார்பர் தோஸ்துகள் மேளம் வைத்திருந்தார்கள். தெரு முனையில் காது கிழிய ஆரம்பித்த அடி நெருங்கி வந்தது. எங்கள் வாசலுக்கு வந்ததும் சட்டென்று நின்றது. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர் ஒருவர் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கியிருந்தார். "ஏய், கம்முனு இருங்கபா, அண்ணி நைட் டூட்டி," என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் எந்த வீட்டு வாசலில், எதற்கு நிற்கிறோம் என்று உறைத்து வாயைப் பொத்திக்கொண்டார். மேளக்காரர்கள் குச்சியை இறக்கிவிட்டார்கள். மொத்தத் தெருவும் ஓசையில்லாமல் நின்றது.

அதுவரை அழாதவள் அப்போதுதான் உடைந்தேன். எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"அடிங்கண்ணா," என்றேன். "எங்க மாமா போறாரு. ஊருக்கே கேக்கணும். அடிங்க."