சாயம் போகாத கை

டூகல்ட் மக்காஸ்லினுக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. பொறாமையில் சொல்லவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். உருண்டு வருகிற பந்தை உதைக்கச் சொன்னால் பந்து ஒரு பக்கம் போகும், அவன் ஒரு பக்கம் போவான். அதனால்தான் ஸ்காட்லாந்தில் எங்கள் ஊர் டன்ராய் அணியில் அவனைக் கோல் கீப்பராக நிறுத்தினார்கள். வேறு எதற்கும் உதவாதவனை நிறுத்துகிற இடம் அது, அந்தக் காலத்தில்.

மற்ற பத்துப் பேரும் கப்பல் பட்டறை ஆட்கள். நான் தச்சன், பெயர் நினியன். கோலுக்கு முன்னால் இடப்பக்கம் காவல் எனக்கு. டூகல்ட் மட்டும் ஆற்றுக்கு அக்கரையில் சாயப்பட்டறையில் இருந்தான். சிவப்புச் சாயத்தொட்டியிலிருந்து ஈரத்துணியைத் தூக்கித் தூக்கி அவன் மணிக்கட்டு இரும்பாகியிருந்தது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை இரண்டு கையும் ரத்தச் சிவப்பு. சோப்புக்கும் போகாது, மணல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தச் சாயத்தின் பெருமையே அதுதான். துவைத்தால் வெளுக்காது, பக்கத்தில் இருக்கிற துணியிலும் ஒட்டாது.

இப்போதெல்லாம் கோல் கீப்பர் மேல் மூச்சுக்காற்று பட்டாலே விசில் ஊதுகிறார்கள். அன்றைக்கு இரண்டு தடியன்கள் ஓடிவந்து அவனைப் பந்தோடு சேர்த்து இடித்துக் கோலுக்குள் தள்ளலாம், கேட்பாரில்லை. டூகல்ட் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். பந்தைப் பிடிக்கவே மாட்டான். குத்துவான். ஒரே குத்தில் பந்து மைதானத்தின் நடுவில் போய் விழும். இடிக்க வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அந்தக் குத்தை நம்பியே அந்த வருஷம் மாவட்டக் கோப்பையின் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டோம்.

எங்கள் கிளப் தலைவர் ஆர்னட் துணிக்கடைக்காரர். கடை வாசலில் தொங்குவது முழுக்க அக்கரைச் சிவப்புத் துணிதான். ஆனால் ஜெயித்த நாளில் வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வருபவர், டூகல்டிடம் வந்ததும் கடிகாரத்தை எடுத்து மணி பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டூகல்ட் சிரித்துவிட்டுப் போவான்.

கடைசி ஆட்டத்தன்று நாங்கள் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது ஆர்னட் ஒரு ஜோடி கறுப்புக் கம்பளிக் கையுறையோடு வந்தார்.

"டூகல்ட், கோப்பை கொடுக்க ஜமீன் பிரபு வந்திருக்கார், அவர் வீட்டம்மாவும் வந்திருக்காங்க. இந்தக் கசாப்புக்கடைக் கையோட அவங்க முன்னாடி நிக்காதே. இதைப் போட்டுக்கோ."

"மழை பெய்யுதுங்கய்யா. கம்பளி வழுக்குமே."

"வழுக்காம ஆடுற ஒருத்தன் கிளாஸ்கோவுல இருக்கான். பேசி வெச்சிருக்கேன். இன்னிக்கு உன் ஆட்டத்தைப் பார்த்துட்டுத்தான் அவனுக்குப் பதில் சொல்லணும்."

டூகல்ட் கையுறையைப் போட்டுக்கொண்டான். வாரம் முழுக்கத் தொட்டியில் குனிந்து நிற்பவன் அவன். நிமிர்ந்து நிற்கிற ஒரே இடம் அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில்தான். அதையும் பிடுங்கப் பார்த்தார் ஆர்னட்.

எதிரணி கார்ஸ்மூர். பயந்தது போலவே ஆயிற்று. ஊறிப்போன கையுறையால் டூகல்ட் குத்திய பந்து நேராகப் போகாமல் சறுக்கி, கார்ஸ்மூர்க்காரன் காலடியிலேயே விழுந்தது. கோல். நாங்கள் முக்கி முனகி ஒன்று திருப்பினோம்.

இடைவேளையில் டூகல்ட் கையுறையைக் கழற்றிப் பிழிந்தான்.

"திரும்பப் போடாதேடா," என்றேன்.

"போடலைன்னா என் இடம் போயிடும், நினியன்."

"போட்டா கோப்பையும் போகும், இடமும் போகும். எது வசதி?"

கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தான். பிறகு கையுறையைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

வெறுங்கையோடு அவன் கோலில் போய் நின்றதும் கார்ஸ்மூர் கூட்டம் ஊளையிட்டது.

"டேய் சிவப்பு! எந்த மாட்டை வெட்டிட்டு வர்றே?"

"உங்க ஊர் மாடுதான்! எலும்பும் தோலுமா இருந்துச்சு, கறியே தேறலை!" என்று கோலிலிருந்தே திருப்பிக் கத்தினான் டூகல்ட்.

அதற்கப்புறம் அவன் ஆடியதுதான் ஆட்டம். குத்தின பந்தெல்லாம் நடு மைதானத்தில். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி எங்கள் கேப்டன் கோலாக்கினான். இரண்டுக்கு ஒன்று.

முடியப் போகிற நேரத்தில் கார்ஸ்மூருக்கு ஒரு கார்னர் கிடைத்தது. இரண்டு அணியும் கோல் வாசலில் முட்டி மோதிக் குவியலாக விழுந்தோம். கோல் கீப்பருக்கென்று தனிச் சட்டை கிடையாது அப்போது. சேற்றில் எல்லோரும் ஒரே எருமை நிறம். பந்து கோட்டைத் தாண்டப்போன நேரம், குவியலுக்குள்ளிருந்து ஒரு கை எழுந்து அதைக் குத்தி வெளியே அனுப்பியது.

"கை! தச்சன் கை! பெனால்டி!" என்று கார்ஸ்மூர் கேப்டன் என்னைக் காட்டிக் கத்தினான். கோல் வாசலில் கோல் கீப்பர் தவிர வேறு யார் கை பந்தில் பட்டாலும் பெனால்டி; அந்த விதி அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்தது. கொடுத்தால் ஒரு கோல் போனது போலத்தான்.

"நானா? நான் சேத்தைத் தின்னுக்கிட்டுக் கிடந்தேன்யா!"

நடுவர் வந்து நின்றார். "முகம் எனக்குத் தெரியலை. கையைத்தான் பார்த்தேன். டன்ராய் ஆளுங்க எல்லாரும் கையைத் தூக்குங்க."

தூக்கினோம். மழை சேற்றைக் கழுவ, வெளுத்த கைகளாகத் தெரிந்தன. கடைசியாகக் குவியலின் அடியிலிருந்து டூகல்ட் தவழ்ந்து வந்து வலது கையை உயர்த்தினான். சேறு வழிய வழிய, முழங்கை வரை சிவப்பு வெளியே தெரிந்தது.

"இதே கைதான்," என்றார் நடுவர். "செக்கச்செவேல்னு என் மூக்குக்கு நேரா வந்துச்சு. கோல் கீப்பர் கை. பெனால்டி கிடையாது."

கோப்பை எங்களுக்கு! வெட்கமில்லாமல் அழுதேன்.

பின்னால் டூகல்ட் தலை நரைக்கும்வரை டன்ராய்க்காக நின்றான். ஒருமுறை ஸ்காட்லாந்துக்காகவும் நின்றான். அதெல்லாம் பேப்பரில் வந்தது. பேப்பரில் வராத ஒன்று கோப்பை வாங்கிய அன்று சாயங்கால விருந்தில் நடந்தது.

ஆட்டு இரைப்பைக்குள் கறியை அடைத்து அவித்த எங்கள் ஊர்ப் பண்டத்தைத் தின்றுகொண்டிருந்தோம். ஆர்னட் வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டு வந்தார். டூகல்டிடம் வந்ததும் மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவர் கை கடிகாரத்துக்குப் போகவில்லை. நீண்டது.

டூகல்ட் எழுந்து நின்றான். பையிலிருந்து ஈரக் கையுறையை எடுத்தான்.

"ஒரு நிமிஷம் இருங்கய்யா. இதை மாட்டிக்கறேன்."

மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. பிரபுவின் வீட்டம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆர்னட்டின் முகம் அவர் விற்கிற துணி நிறத்துக்கு வந்துவிட்டது.

"வேண்டாம்ப்பா," என்றார். "வெறுங்கையையே கொடு. கிளாஸ்கோக்காரனுக்குக் காலையில தந்தி அடிச்சிடறேன், வர வேண்டாம்னு."

டூகல்ட் கையுறையை மேசைமேல் போட்டுவிட்டுக் கை கொடுத்தான். தொட்டியில் துணி பிழிகிற பிடி. ஆர்னட் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

கையை விட்டதும் ஆர்னட் திரும்பி நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பொட்டுச் சிவப்பு ஒட்டவில்லை. 'சாயம் ஒட்டாது' என்று அத்தனை வருஷமும் ஊருக்கெல்லாம் சத்தியம் செய்து விற்றவர் அவர்.