கண்ணாடிக் கடைக்காரரின் இரண்டு கோமாளிகள்

கண்ணாடிக் கடைக்காரர் சுட்டுவிரலைக் கடல் மீன் தொட்டியில் முக்கி நாக்கில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறார். "ஒரு சிட்டிகை தூக்கல்" என்று தீர்ப்பு வருகிறது. உப்புமானியை எடுப்பது அதற்குப் பிறகுதான். அளவு ஒத்துப்போனால் அது நல்ல கருவி. ஒத்துப்போகாவிட்டால் கருவியில்தான் கோளாறு. வீட்டில் உப்பே போடாமல் சமைத்து வைத்தாலும் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்துபோகும் நாக்கு இது. "எனக்கும் செதிலும் வாலும் இருந்திருந்தா இந்த வீட்டுல ஒரு மரியாதை கிடைச்சிருக்கும்" என்று அவர் மனைவி சொல்லாத நாளில்லை.

தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதிக்க வருபவர் மோவாயைக் கருவியில் பதித்துவிட்டால் அசைய முடியாது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டு கடல் மீன் வளர்ப்பைப் பற்றிப் பேசுவார். "குளத்து மீன் வளர்க்கிறது செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரி சார். கடல் மீன் அப்படியில்ல. கைக்குழந்தை. கீழ் வரியைப் படிங்க." வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி இருந்த இடத்தில் இப்போது கடல் இருக்கிறது. பவளப்பாறைத் துண்டுகள், எலுமிச்சை நிறத்தில் ஒரு மீன், மற்ற மீன்களின் உடம்பில் அழுக்கெடுத்து வயிறு வளர்க்கும் சிவப்புக்கோட்டு இறால், நடுவில் விரல்விரலாக ஆடும் கடல் சாமந்தி. விருந்தினர் அதன் எதிரில்தான் உட்கார வேண்டும். மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்லக் கூடாது. காற்று பட்டால் தண்ணீர் வற்றி உப்பு ஏறிவிடும்.

"நான் எதுக்கு சார் பொறாமைப்படணும்?" என்று அடிக்கடி கேட்பார். யாரும் பொறாமை என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டார்கள்.

அவர் வீடு இருக்கும் அதே கட்டடத்தில் இரண்டு மாடிக்கு மேலே அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, குடியிருக்கிறான். வங்கியில் வேலை. அவனும் ஒரு கடல் தொட்டி வைத்திருக்கிறான். யாரோ காலி செய்துவிட்டுப் போன வீட்டிலிருந்து தூக்கி வந்தது. ஞாபகம் வந்தால் தீனி போடுவான். துவைத்த காலுறையைத் தொட்டி விளக்கின்மேல் காயப்போடுவான். அங்கே எல்லாம் செழிப்பாக இருக்கின்றன. மச்சானுக்குப் பக்கத்து வீட்டுக்காரனான நான் மாடியிலிருந்து இறங்கி வந்தால் பிடித்து நிறுத்தி, "அவன் தொட்டித் தண்ணி கலங்கலாத்தானே இருக்கு?" என்று ஆவலோடு கேட்பார். பளிங்கு மாதிரி இருக்கிறது என்று சொல்ல நமக்கும் மனம் வராது. "என் தொட்டியில பாசி சொரண்டிச் சொரண்டி விரல் ரேகையே போச்சு சார். அவன் வீட்டுக்கு வர்றதுக்குப் பாசிக்கே கூச்சம் போல."

ஒருநாள் மச்சான் கதவைத் தட்டினான். "அத்தான், ஓடி வாங்க! எங்க கோமாளி முட்டை போட்டிருக்கு!"

ஆரஞ்சுப் பட்டில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி அது. தொட்டிக்குள் சாய்த்து வைத்த மண்சட்டியில் முட்டைகள் மணிமணியாக ஒட்டியிருக்க, சின்ன மீன் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வெகுநேரம் பார்த்தார். "தண்ணி லேசா மஞ்சளடிக்குதே மச்சான்" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாளே மீன் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய கோமாளியைச் சுட்டிக்காட்டினார். இன்னொரு கடையில் அதைவிடப் பெரியதாக ஒன்று. "சார், ஜோடிக்குன்னா சின்னதா ஒண்ணு பாருங்க" என்றார் கடைக்காரப் பெண்மணி. "சின்னதெல்லாம் எங்க மச்சான் வளர்ப்பாம்மா" என்று அவர் பையை வாங்கிக்கொண்டார்.

தொட்டியில் விட்டதும் இரண்டும் தாம்பத்தியத்தை அடிதடியில் தொடங்கின. ஒன்றின் வால் கிழிந்தது. கிழிந்ததைப் பிடித்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டார். பார்க்க வந்த மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அத்தான், ரெண்டும் பொம்பளை! இதுங்கள்ல பொறக்கிறப்போ எல்லாமே ஆம்பளை. கூட்டத்துல எது பெரிசோ அது பொம்பளையா மாறிடும். அப்புறம் ஆம்பளையாத் திரும்பவே திரும்பாது. ஒரே தொட்டியில ரெண்டு மகாராணியை விட்டுட்டீங்களே!"

"பெரிசா இருக்கிற பொம்பளை சொல்றதைச் சின்ன ஆம்பளை கேக்குமா? நல்ல ஒழுங்கான குடும்பமா இருக்கே" என்றார் மனைவி.

இதற்குள் மேல்மாடியில் ஒரு சாவு. மூடி போடாத தொட்டியிலிருந்து மச்சானின் பெரிய கோமாளி துள்ளி விழுந்து, காலையில் நாற்காலிக்கடியில் கிடந்தது. செய்தி கேட்டதும் கடைக்காரர் துக்கம் விசாரிக்கப் போனார். "அடடா, அடடா" என்றார். மூடியின் அவசியம் பற்றிக் கொஞ்சம் பேசினார். திரும்பி வந்து மனைவியிடம் இன்னொரு காபி கேட்டார்.

காபியோடு மனைவி விஷயத்தையும் வைத்தார். "உங்ககிட்ட ரெண்டு பொண்ணு இருக்கு. அவன்கிட்ட மாப்பிள்ளை தனியா நிக்கிறான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"மாப்பிள்ளையை இங்க அனுப்பச் சொல்லு."

"வீட்டோட மாப்பிள்ளையா? எங்க பையன் வரமாட்டான் அத்தான்!" என்று மேலிருந்து பதில் வந்தது. "அப்படியே வந்தாலும் டப்பாவுல இருக்கிறது என்ன ஆகும்?"

அதுதான் கேள்வி. எப்படிப் பார்த்தாலும் ஒரு மீன் வெளியேறியாக வேண்டும். மீன் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் கடைக்காரர். "எவனோ வச்சுக்கலாம், என் தம்பி வச்சுக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டதும், வடிகட்டிப் பஞ்சைக் கழுவும் வேலை அவருக்கு அவசரமாக வந்துவிட்டது. டப்பாவிலிருந்த மீன் நிறம் வெளுத்தது. இரை வாயருகே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது மூலையில் மூக்கை ஊன்றி, அசையாமல் நின்றது. கடைக்காரர் டப்பாவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஒரு பையை எடுத்தார்.

மனைவியும் நானும் பின்தொடர, மேலே போனதும் மச்சானிடம் ஒரே நிபந்தனைதான் வைத்தார். "முட்டை போட்டா அத்தான் மீன் போட்டதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லணும்."

"சுவத்துலயே எழுதி வைக்கிறேன் அத்தான்."

பையை மிதக்கவிட்டு, மச்சான் தொட்டித் தண்ணீரைக் குவளை குவளையாக அதில் சேர்த்து, தன் கையாலேயே மீனை விட்டார். அது ஒரு மூலையில் போய் முறைத்துக்கொண்டு நின்றது. சின்னது மெல்ல அருகில் வந்தது. உடம்பை ஒருக்களித்து, தலையிலிருந்து வால்வரை நடுங்கிக் காட்டியது. கோமாளிகள் வணக்கம் சொல்வது அப்படித்தான். பெரியது ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கிழிந்த வாலைச் சின்னதின் முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டுச் சட்டிக்குள் நுழைந்தது. சின்னது பின்னாலேயே நுழைந்தது.

"அக்கா, ஏத்துக்கிச்சு!" என்று மச்சான் கத்தினான். அக்கா கைதட்டினார். கடைக்காரரைத் தவிர எல்லோரும் தொட்டியில் மூக்கு இடிக்கக் குனிந்தோம்.

கண்ணாடி இல்லாவிட்டால் ஒரு முழத்துக்கு அப்பால் கடைக்காரருக்கு உலகமே வெறும் புகை. நாலடி தள்ளி நின்ற அவர் தம் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.